போல்செவேராப் பள்ளத்தாக்கின் இரு பாலங்கள்: இடிந்த நெடுஞ்சாலைப் பாலமும் அதற்கு மாற்றாக எழுந்த பாலமும்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலியின் ஜெனோவா நகரில் போல்செவேரா ஆற்றின் மீது அமைந்திருந்த நெடுஞ்சாலைப் பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து விழுந்ததில் 43 பேர் உயிரிழந்தனர். அதே இடத்தில் எழுப்பப்பட்ட ஜெனோவா சான் ஜியோர்ஜியோ பாலம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் கட்டமைப்பு முறை, அதன் வீழ்ச்சிக்கான காரணம், புதிய பாலத்தின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மாற்றுப் பாலம் ஒன்றின் தரத்தை அது எழுந்த வேகத்தையோ கட்டப்பட்ட பொருளையோ கொண்டு அளவிடுதல் போதாது என்பதும், ஓர் உறுப்பு பழுதடைந்தாலும் சுமை செல்ல வேறு வழி இருத்தல், ஒவ்வோர் உறுப்பையும் கண்டு ஆராய இயலுதல் ஆகிய இரண்டுமே அதன் அடிப்படை அளவுகோல்கள் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நெடுஞ்சாலைப் பாலம், முன் இறுக்கப்பட்ட கான்கிரீட், தாங்கு வடம், அரிமானம், மாற்றுச் சுமைவழி, பராமரிப்பு.

1. முன்னுரை

பாலம் ஒன்று இடியும்போது இரு வினாக்கள் எழுகின்றன. ஏன் இடிந்தது என்பது முதலாவது. அவ்விடத்தில் எதை, எவ்வாறு கட்டுவது என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடை காண நீதிமன்றங்களுக்கும் வல்லுநர்களுக்கும் ஆண்டுகள் பல தேவைப்படும். இரண்டாவது வினாவோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. துண்டிக்கப்பட்ட சாலையால் நகரின் அன்றாட வாழ்வு தடைபடுவதால், முதல் வினாவுக்கு முழுமையான விடை கிடைக்கும் முன்னரே இரண்டாவதற்கு விடை கண்டாக வேண்டிய நெருக்கடி உருவாகிறது. ஜெனோவாவில் நிகழ்ந்ததும் இதுவே.

மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் துறைமுக நகரம் ஜெனோவா. நகரின் மேற்கே போல்செவேரா ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடிக் கடலில் கலக்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் தொழிற்கூடங்கள், இருப்புப் பாதைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியன நெருங்கி அமைந்துள்ளன. ஜெனோவாவை மேற்கே சவோனாவுடனும் பிரான்ஸ் எல்லையுடனும் இணைக்கும் ஏ10 நெடுஞ்சாலை இப்பள்ளத்தாக்கைக் கடந்தே செல்ல வேண்டும். எனவே பாலத்தின் வீழ்ச்சி ஒரு நகரின் இழப்பாக மட்டும் அமையாமல், துறைமுகத்தின் சரக்குப் போக்குவரத்தையும் இரு நாடுகளுக்கிடையிலான சாலைத் தொடர்பையும் பாதித்தது.

2. பழைய பாலம்

2.1 கட்டமைப்பு முறை

இத்தாலியப் பொறியாளர் ரிக்கார்டோ மொராண்டி வடிவமைத்த பழைய பாலம் 1967 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் 1,182 மீட்டர். சாலைத்தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் அமைந்திருந்தது. மேற்குப் பகுதி சிறு கண்களைக் கொண்ட எளிய அமைப்பாகும். ஆற்றையும் இருப்புப் பாதைகளையும் கடக்கும் பகுதியில் 9, 10, 11 என எண்ணிடப்பட்ட மூன்று பெருந்தூண்கள் ஏறத்தாழ 90 மீட்டர் உயரக் கோபுரங்களுடன் நின்றன. பாலத்தின் இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைத் தமிழில் ‘கண்’ என வழங்குவது மரபு. அவ்வாறு நோக்கின், இப்பாலத்தின் மிகப் பெரிய கண் ஏறத்தாழ 210 மீட்டர் அகலமுடையது.

ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலிருந்தும் இரு புறமும் சரிவாக இறங்கிய நான்கு தாங்கு வடங்களே பாலத்தளத்தைத் தாங்கின. இக்காலத் தாங்குவடப் பாலங்களில் கோபுரத்திலிருந்து பல மெல்லிய எஃகு வடங்கள் விசிறிபோல் விரிந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைக் கழற்றி மாற்றினாலும் பாலம் நிற்கும். மொராண்டியின் அமைப்பில் வடங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒன்று அறுந்தால் அதன் சுமையை ஏற்க வேறு உறுப்பு இல்லை. மேலும், ஒரு கோபுரத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே 36 மீட்டர் நீளமுள்ள உத்தரங்கள் அவற்றின் முனைகளில் அமர்த்தப்பட்டிருந்தன. ஒரு தொகுதி சரிந்தால் அதன்மீது அமர்ந்த உத்தரமும் உடன் விழும்.

2.2 உறைக்குள் மறைந்த எஃகு

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எனவே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கி, அவ்விறுக்கத்தால் கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கத்தில் வைப்பர். பின்னர் இழுவிசை வந்தாலும் முதலில் அந்த அமுக்கமே குறையும், விரிசல் தோன்றாது. மொராண்டி இம்முறையைத் தாங்கு வடங்களுக்கும் பயன்படுத்தினார். எஃகு வடங்களைச் சுற்றி முன் இறுக்கப்பட்ட கான்கிரீட் உறை அமைக்கப்பட்டது. உறை எஃகைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் என்பதும், வடத்தின் விறைப்பைக் கூட்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பிலேயே சிக்கலும் அடங்கியிருந்தது. உறை முழுமையாக இருக்கும்வரை எஃகு பாதுகாப்பாக இருக்கும். உறையில் நுண்விரிசல் தோன்றினாலோ, வடங்கள் செல்லும் குழல்களில் செலுத்தப்பட்ட சிமெண்டுக் குழம்பு ஓரிடத்தில் நிரம்பாமல் வெற்றிடம் விட்டிருந்தாலோ ஈரமும் உப்பும் உள்ளே தங்கி அரிமானம் தொடங்கும். அவ்வாறு தொடங்கிய அரிமானத்தை வெளியிலிருந்து காண இயலாது. காக்க வந்த உறை கண்ணை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது.

இவ்விடர் அறியப்படாததன்று. கடற்காற்றாலும் அருகிலிருந்த தொழிற்கூடங்களின் புகையாலும் கான்கிரீட் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சிதைவதை 1979 ஆம் ஆண்டிலேயே மொராண்டி எழுத்தில் பதிவு செய்தார். 1990களின் தொடக்கத்தில் 11 ஆம் கோபுரத்தின் வடங்களுக்கு வெளிப்புற எஃகு வடங்கள் இணைக்கப்பட்டு வலுவூட்டப்பட்டது. அத்தகைய வலுவூட்டல் 9 ஆம் கோபுரத்துக்குச் செய்யப்படவில்லை.

2.3 வீழ்ச்சி

2018 ஆகஸ்ட் 14 அன்று, கடும் மழையின் நடுவே, முற்பகல் 11.36 மணியளவில் 9 ஆம் கோபுரத் தொகுதி முழுவதும் அதனையொட்டிய பகுதிகளோடு சரிந்தது. பாலத்தின் கீழ்ப்புறத்திலும் அதன் அருகிலும் வாழ்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பலர் தம் இல்லங்களுக்கு மீண்டும் குடிபுகவே இல்லை. அக்கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. நீதிமன்றம் நியமித்த வல்லுநர்கள், 9 ஆம் கோபுரத்தின் தென்புற, ஜெனோவாப் பக்கத் தாங்கு வடத்தின் உச்சிப் பகுதியில் நிகழ்ந்த அரிமானமே வீழ்ச்சியைத் தொடங்கி வைத்தது எனத் தம் அறிக்கையில் கண்டனர்.

இவ்விடத்தில் ஒன்றை வேறுபடுத்திக் காணுதல் தேவை. எஃகு துருப்பிடித்தது இயற்கையின் செயல். துரு காணப்படாமல் வளர்ந்தது பராமரிப்பு, வடிவமைப்பு ஆகிய இரண்டின் குறை. ஒரே வடத்தின் குறையால் முழுத் தொகுதியும் சரிந்தது கட்டமைப்பின் குறை. மாற்றுப் பாலம் இம்மூன்றுக்கும் விடை கூற வேண்டியிருந்தது.

3. புதிய பாலத்தின் வடிவமைப்பு

3.1 கண்களின் பகுப்பு

ஜெனோவாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ புதிய பாலத்திற்கான வடிவமைப்புக் கருத்தை நகருக்குக் கொடையாக வழங்கினார். புதிய பாலத்தின் நீளம் 1,067 மீட்டர். 18 தூண்களின் மேல் 19 கண்கள். இவற்றுள் ஆற்றையும் இருப்புப் பாதையையும் கடக்கும் மூன்று கண்கள் மட்டும் 100 மீட்டர் அகலமுடையவை. பதினான்கு கண்கள் 50 மீட்டர். இரு முனைகளிலும் உள்ளவை அவற்றினும் சிறியவை. கோபுரமோ தாங்கு வடமோ இல்லை.

இப்பகுப்பின் பொருளை எளிய கணக்கொன்று விளக்கும். சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் உத்தரத்தில் ஏற்படும் வளைவுத் திருப்புமை கண்ணின் அகலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அகலம் இரு மடங்கானால் திருப்புமை நான்கு மடங்காகும். 210 மீட்டர் வெளியை உத்தரத்தால் மட்டும் கடத்தல் அரிது என்பதாலேயே 1960களில் வடங்கள் தேவைப்பட்டன. கண்ணை 50 மீட்டராகக் குறைத்தால் வடத்தின் தேவையே நீங்கிவிடுகிறது. அதற்கு விலையாகத் தூண்களின் எண்ணிக்கை கூடுகிறது. நெருக்கமான நகர்ப்புறத்தில் ஒவ்வொரு தூணுக்கும் இடம் காணவும் அடித்தளம் அமைக்கவும் வேண்டும். வியப்பூட்டும் பெருங்கண்ணைக் கைவிட்டு, எண்ணிக்கையில் மிகுந்த எளிய கண்களை ஏற்றதே இவ்வடிவமைப்பின் முதன்மையான முடிவு எனலாம்.

3.2 பாலத்தளமும் தூண்களும்

பாலத்தளம் எஃகுப் பெட்டி உத்தரத்தாலும் அதன் மேல் வார்க்கப்பட்ட கான்கிரீட் பலகையாலும் ஆன கூட்டமைப்பு. கான்கிரீட் பலகை அமுக்கத்தையும் எஃகு இழுவிசையையும் ஏற்று இரண்டும் ஒன்றாக உழைக்கின்றன. தளத்தின் அடிப்பக்கம் கப்பலின் அடிப்பாகத்தைப் போல் வளைந்து ஓரங்களில் மெலிகிறது. இவ்வளைவு கப்பல் கட்டும் நகரின் மரபை நினைவூட்டுவதோடு, கீழே வாழ்வோரின் பார்வைக்குப் பாலத்தின் பருமனையும் குறைத்துக் காட்டுகிறது.

தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடருத்தரமாக அமைந்துள்ளது. தொடருத்தரத்தில் ஒரு பகுதியின் விறைப்புக் குறைந்தால் சுமையின் ஒரு பங்கு அடுத்த கண்களுக்கு மாறிச் செல்ல வழியுண்டு. பழைய பாலத்தில் தனித்தனியே அமர்ந்திருந்த உத்தரங்களுக்கு இவ்வழி இல்லை. ஆயினும் தொடர்ச்சி வேறொரு சிக்கலைக் கொணர்கிறது. எஃகும் கான்கிரீட்டும் ஒரு பாகை செல்சியஸ் வெப்ப உயர்வுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீள்கின்றன. 1,067 மீட்டர் நீளத் தளத்தில் 30 பாகை வேறுபாடு ஏற்பட்டால் நீள மாற்றம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். எனவே தளம் தூண்களோடு இறுகப் பிணைக்கப்படாமல், வளைந்த பரப்பில் வழுக்கி நகரவல்ல தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டது. இதே தாங்கிகள் நிலநடுக்கத்தின்போது தரையின் அசைவு முழுவதும் தளத்துக்குக் கடத்தப்படாமல் தடுக்கின்றன.

தூண்கள் யாவும் 9.5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டக் குறுக்குவெட்டுடையவை. அடிமுதல் உச்சிவரை இவ்வளவு மாறுவதில்லை. கூர்மையான மூலைகள் இல்லாமையால் ஒளி தூணின் மேல் மெல்ல வழிந்து பரவுகிறது. குடியிருப்புகளின் நடுவே நிற்கும் தூண்களுக்கு இது சிறப்பு. எல்லாத் தூண்களும் ஒரே வடிவில் அமைந்ததால் ஒரே வகை வார்ப்பு அச்சை மீண்டும் மீண்டும் பயன்படுத்தவும் இயன்றது. அழகியல் தேவையும் கட்டுமான விரைவும் இங்கு ஒன்றுபடுகின்றன.

4. இடித்தலும் எழுப்புதலும்

விழாமல் நின்ற பகுதிகளை அகற்றுவதே முதற்பணி. 2019 பிப்ரவரியில் மேற்குப் பகுதியின் தளம் அறுக்கப்பட்டுத் துண்டு துண்டாகத் தரைக்கு இறக்கப்பட்டது. குடியிருப்புகளின் மேல் நின்ற 10, 11 ஆம் கோபுரங்கள் 2019 ஜூன் 28 அன்று வெடிமருந்தால் தகர்க்கப்பட்டன. அதற்கு முன்னர்ச் சுற்றுப்புற மக்கள் வெளியேற்றப்பட்டனர். புழுதி பரவாதிருக்க நீர்த்திரைகள் எழுப்பப்பட்டன. இடிபாடுகள் குற்ற வழக்கின் சான்றுகளும் ஆதலால், அவற்றை அகற்றுவோரும் ஆராய்வோரும் ஒத்திசைந்தே செயல்பட வேண்டியிருந்தது.

புதிய பாலத்தின் முதல் அடித்தளக் கான்கிரீட், அத்தகர்ப்புக்குச் சில நாள்களுக்கு முன்னர், 2019 ஜூன் 25 அன்று வார்க்கப்பட்டது. பள்ளத்தாக்கின் ஒரு முனையில் இடித்தலும் மறு முனையில் எழுப்புதலும் ஒரே காலத்தில் நடைபெற்றன. அடித்தளங்களுக்கு 1.5 மீட்டர் விட்டமுடைய கான்கிரீட் பைல்கள் நிலத்தில் ஆழத் துளையிட்டு வார்க்கப்பட்டன. அதே நேரத்தில், தளத்தின் எஃகுப் பகுதிகள் ஃபின்கான்டியெரி நிறுவனத்தின் தொழிற்கூடங்களில், கப்பல் உடலின் பகுதிகளைப் போலவே உருவாக்கப்பட்டன. அவை பணியிடத்துக்குக் கொணரப்பட்டுத் தரையிலேயே பற்றவைத்து இணைக்கப்பட்டன; பின்னர் முழுக்கண் அளவிலான துண்டுகளாகத் தூக்கித் தூண்களின் மேல் அமர்த்தப்பட்டன. உயரத்தில் செய்ய வேண்டிய பற்றவைப்பு குறைந்ததால் தரச் சோதனை எளிதாயிற்று. பணியாளர்க்கு நேரும் இடரும் குறைந்தது.

முதல் தளத்துண்டு 2019 அக்டோபரிலும் இறுதித் துண்டு 2020 ஏப்ரல் 28 அன்றும் ஏற்றப்பட்டன. கொரோனாப் பெருந்தொற்றால் இத்தாலி முழுவதும் முடங்கியிருந்த மாதங்களிலும் பணி தொடர்ந்தது. 2020 ஆகஸ்ட் 3 அன்று குடியரசுத் தலைவர் செர்ஜியோ மத்தரெல்லா முன்னிலையில் பாலம் திறந்துவைக்கப்பட்டது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் அவ்விழாவில் பங்கேற்கவில்லை. குடியரசுத் தலைவர் அவர்களைத் தனியே சந்தித்தார்.

இவ்விரைவுக்குச் சட்டமும் துணை நின்றது. 2018 செப்டம்பர் 28 நாளிட்ட ஆணைச் சட்டத்தின்படி நகரத் தலைவர் மார்கோ புச்சி சிறப்பு ஆணையராக நியமிக்கப்பட்டார். குற்றவியல் சட்டம், மாஃபியா எதிர்ப்புச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மீறவியலாத விதிகள் ஆகியன நீங்கலாகப் பிற நடைமுறைகளிலிருந்து விலகிச் செயல்பட அவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. வழக்கமான திறந்த ஒப்பந்தப்புள்ளி முறையன்றி நேரடிப் பேச்சின்வழி ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. இம்முறையைப் பொதுப்பணிகள் அனைத்துக்கும் முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்னும் விவாதம் இத்தாலியில் எழுந்தது. பேரிடரின் அவசரம், எங்கு எதை இணைக்க வேண்டும் என்பது முன்னரே தெளிவாயிருந்த தன்மை, நாட்டின் கவனம் முழுவதும் ஒரே பணியிடத்தில் குவிந்திருந்த நிலை ஆகியன எல்லாப் பணிகளுக்கும் வாய்ப்பன அல்ல. எனவே விரைவை மட்டும் பிரித்தெடுத்துப் பின்பற்றுதல் பொருந்தாது.

5. காணக்கூடிய பாலம்

பழைய பாலத்தின் குறை காண இயலாமையில் தொடங்கியது. புதிய பாலத்தில் அதற்கான விடை மூன்று நிலைகளில் அமைகிறது. முதலாவது, இன்றியமையாத உறுப்புகள் மறைக்கப்படவில்லை. எஃகுத் தளம் உள்ளீடற்றது. அதனுள் ஆய்வாளர் நுழைந்து பற்றவைப்புகளை நேரில் காணலாம். இரண்டாவது, தளத்தின் உட்புறக் காற்றிலிருந்து ஈரத்தை நீக்கும் அமைப்பு நிறுவப்பட்டுள்ளது. உப்புக்காற்று உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்தால் அங்கும் துரு தோன்றும்; காற்று உலர்வாக இருந்தால் அரிமானம் பெரிதும் மட்டுப்படும். மூன்றாவது, பாலத்தின் பல பகுதிகளில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. தளத்தின் வெளிப்புறத்தில் நகர்ந்து படமெடுத்து ஆராயும் இயந்திர மனிதர்கள் அமைக்கப்பட்டுள்ளனர். இவற்றுக்குத் தேவையான மின்னாற்றலுக்காகப் பாலத்தின் ஓரங்களில் சூரிய ஒளித் தகடுகள் உள்ளன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கருவிகள் தரவுகளையே தரும், முடிவெடுப்பவர் மனிதரே. 1979 இலும் எச்சரிக்கை இருந்தது. இல்லாதிருந்தது அவ்வெச்சரிக்கையைப் பாலம் முழுவதற்குமான செயலாக மாற்றிய கடமையுணர்வே. உணரி ஒன்று காட்டும் மாற்றத்தை யார் படிப்பார், எத்தனை நாள்களுக்குள் பதிலளிப்பார், தேவையெனில் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பன வரையறுக்கப்படாவிடில் தரவுகள் கோப்புகளில் உறங்கும்.

6. ஓர் ஒப்பீடு

கான்கிரீட் பாலம் விழுந்த இடத்தில் எஃகுப் பாலம் எழுந்தமையால், கான்கிரீட்டே குற்றவாளி என முடிவு செய்யத் தோன்றலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நிகழ்ந்தது இம்முடிவை மறுக்கிறது. அங்கு மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலையின் எஃகுச் சட்டகப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று இடிந்து 13 பேர் உயிரிழந்தனர். சட்டகத்தின் உறுப்புகளை இணைக்கும் தகடுகள் சில, தேவைப்பட்ட தடிமனில் ஏறத்தாழ பாதியளவே இருந்தன என அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அப்பாலத்திலும் ஓர் இணைப்பு முறிந்தால் சுமைக்கு வேறு வழி இல்லை.

மாற்றாக 2008 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்ட பாலம் முன் இறுக்கப்பட்ட கான்கிரீட்டால் ஆனது. இரு திசைப் போக்குவரத்துக்கும் தனித்தனிக் கட்டமைப்புகள். ஒவ்வொன்றிலும் இரு பெட்டி உத்தரங்கள். பாலமெங்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகள். ஜெனோவாவில் கான்கிரீட்டுக்கு மாற்றாக எஃகு வந்தது. மினியாபொலிஸில் எஃகுக்கு மாற்றாகக் கான்கிரீட் வந்தது. பொருள்கள் எதிரெதிராக மாறினும் இரு மாற்றுப் பாலங்களிலும் பொதுவாக அமைந்தவை இரண்டு. சுமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன; கட்டமைப்பின் நிலையைத் தொடர்ந்து அறியும் ஏற்பாடு உள்ளது. எனவே பாலம் நிலைப்பது பொருளின் பெயரால் அன்று, அப்பொருள் பயன்படுத்தப்பட்ட முறையால் என்பது பெறப்படுகிறது.

7. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அ. மொராண்டியின் பாலம் அக்கால அறிவுக்கு உட்பட்ட துணிவான படைப்பு. எனினும் குறைந்த எண்ணிக்கையிலான உறுப்புகளில் முழுச் சுமையையும் குவித்ததும், அவ்வுறுப்புகளைக் காண இயலாதவாறு மூடியதும் அதன் உள்ளார்ந்த குறைகள்.

ஆ. புதிய பாலம் பெருங்கண்ணைக் கைவிட்டுச் சிறு கண்களையும் தொடருத்தரத்தையும் ஏற்றதன் வாயிலாக ஒற்றை உறுப்பின் மீதான சார்பைக் குறைத்தது.

இ. ஒரே வடிவத் தூண்கள், தொழிற்கூடத்தில் உருவான தளப்பகுதிகள், ஒரே காலத்தில் நடந்த இடித்தலும் கட்டுதலும் ஆகியன கட்டுமான விரைவுக்குப் பொறியியல் காரணங்கள். சிறப்புச் சட்டம் அதற்கு நிருவாகக் காரணம்.

ஈ. ஆய்வுக்கு எளிதான அமைப்பு பாதுகாப்பின் முதற்படி மட்டுமே. ஆய்வின் முடிவைச் செயலாக்கும் பொறுப்பு தெளிவாக வரையறுக்கப்படுவதே அதன் நிறைவு.

புதிய பாலத்தின் கீழே உயிரிழந்தோரின் நினைவாக 43 மரங்கள் நடப்பட்டுள்ளன. பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளர் ஒவ்வொருவரும் தம் பணியின் அளவுகோலை அந்த எண்ணிக்கையிலிருந்தே பெற வேண்டும். மரங்கள் வளரும் காலமெல்லாம் பாலத்தின் எஃகும் உப்புக்காற்றை எதிர்கொண்டிருக்கும். திறப்பு விழாவோடு முடிவது கட்டுமானம் மட்டுமே. பாலத்தைக் காக்கும் பணி அன்றுதான் தொடங்குகிறது.